பிடிக்கு, இரிக்கு, கிடக்கு, வலிக்கு

செவ்வாய், வியாழன், சனி என்றால் எனக்கு மதியச் சோறு இறங்காது. அந்த மூன்று நாளும் சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் ஜியு-ஜிட்சு வகுப்பில் நிற்க வேண்டும். பிரேசில் நாட்டு மல்யுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்து கிடையாது, உதை கிடையாது. கீழே விழுந்து, கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ காலையோ கழுத்தையோ பூட்டிப் பிடிக்கிற வித்தை. நாற்பத்துமூன்று வயதில், தடித்த கோட்டுக்கு மேல் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு, பெற்ற மகளோடு நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். புரள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அது முதல் வாரத்திலேயே போய்விட்டது. என் பயம் வேறு. போன வகுப்பில் சொல்லித்தந்தது இந்த வகுப்பில் எனக்கு ஞாபகம் இருக்காது.

வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது எல்லாம் இருக்கும். கிள்ளிப்பாலம் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது இடது கால் முதலா வலது கால் முதலா என்று ஒரு சந்தேகம் வரும். கரமனைப் பாலம் தாண்டுவதற்குள் மொத்தமும் போயிருக்கும். பாப்பனங்கோட்டில் எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கும்போது நான் அன்றைக்குத்தான் சேர்ந்தவள் மாதிரி நிற்பேன்.

நான் எதற்கு இதில் மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். என் மகளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. அவள்தான் முதலில் சேர்ந்தாள், பள்ளித் தோழி ஒருத்தியோடு. எதைக் கற்றாலும் ஜோடி வேண்டும், ஒருவர் உடம்பில் இன்னொருவர் பழக வேண்டும். தோழி மூன்றே மாதத்தில் நீட் கோச்சிங் என்று ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மாலை வகுப்பில் மீதி அத்தனை பேரும் ஆண்கள், எண்பது கிலோ, தொண்ணூறு கிலோ. அவளுக்கு ஏற்ற எடையில் ஒரு ஆள் கிடைக்கும்வரை கொஞ்சநாள் நிறுத்திவைக்கலாம் என்றார் கோச். இவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் தோசையை வைத்துக்கொண்டே, "நான் வாறேன் உன்கூட" என்று சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே, என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிடும்.

அவள் சிரித்தாள் என்றா நினைக்கிறீர்கள்? "அம்மாக்கு ஒண்ணும் ஓர்மை நிக்காதே" என்றாள். காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவளைப் பற்றி வேறு என்ன சொல்லுவாள்? ஆனாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளதைச் சொன்னால், எனக்கு வேண்டியது அந்த வித்தை இல்லை. திரும்பி வருகிற பதினைந்து நிமிஷம். வீட்டில் அவள் கதவு எப்போதும் சாத்தித்தான் கிடக்கும். பள்ளி, டியூஷன், போன், கதவு. வகுப்பு முடிந்து வருகிற அன்றைக்கு மட்டும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பேசுவாள். யாரைப் பிடிக்கும், எந்த டீச்சர் சரியில்லை, எதற்கு அழுகை வருகிறது, எல்லாம் வரும். நான் சரியான ஜோடியாக இல்லாவிட்டால் அவள் பயிற்சி கெட்டுப்போகும். அவள் சலித்து நின்றுவிட்டால் அந்தப் பதினைந்து நிமிஷமும் போய்விடும். அதனால்தான் மதியச் சோறு இறங்காது.

மறக்காமல் இருக்க நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. நோட்டுப் போட்டு எழுதினேன். "அவள் வலது கை, என் இடது கை, அவள் முகத்துக்கு மேல் என் இடது கால்" என்று எழுதி, மறுநாள் வாசித்தால் யார் கால் யார் முகத்தில் என்று எனக்கே விளங்காது. பத்துக் கிலோ அரிசிப் பையைத் தரையில் படுக்கப்போட்டு அதன் ஒரு மூலையைக் கை என்று நினைத்துப் பழகினேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஒரு தடவை முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சட்டம். ஒருநாள் பை பிய்ந்து கூடம் முழுக்க அரிசி. விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யாரு ஜெயிச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

நோட்டைப் பார்த்த கோச்சும் சிரித்தார். விதுராப் பக்கத்துக்காரர், முப்பது வயதுதான் இருக்கும், தணிந்த குரல். "எழுதிட்டு காரியமில்ல சேச்சீ. செய்யணம். மறக்கும், பின்னயும் செய்யணம்" என்றார். மறந்தால் மறக்கட்டும், திரும்பத் திரும்பச் செய்தால் ஒருநாள் உடம்பு தானாகவே எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அதற்காக எனக்கு ஒரு வழியும் செய்துகொடுத்தார். கையைப் பூட்டுகிற பிடி ஒன்று உண்டு. மல்லாந்து கிடப்பவரின் ஒரு கையை நெஞ்சோடு பிடித்து, தோளுக்கு ஒட்டி உட்கார்ந்து, காலை அவர் முகத்துக்கு மேலும் மார்புக்கு மேலும் போட்டு, பின்னால் சாய்ந்து, மணிக்கட்டை மெல்ல நம் பக்கம் கொண்டுவர வேண்டும். முழங்கை நீண்டு பூட்டிக்கொள்ளும். இதை நாலு மலையாளச் சொல்லாக்கி வகுப்பு முழுவதற்கும் தாளம்போல் கூப்பிட்டார்: "பிடிக்கு! இரிக்கு! கிடக்கு! வலிக்கு!" பிடி, உட்கார், படு, இழு.

அது மட்டும் எனக்கு ஒட்டியது. ஏன் ஒட்டாது? எங்கள் நாகர்கோவில் பக்கத்துத் தமிழிலும் அதெல்லாம் உள்ள சொல்தானே, அர்த்தம்தான் வேறே. அன்றைக்கு ஸ்கூட்டரில் வரும்போது நான், "பிடிக்கு, ஆனா வலிக்கு" என்று, பிடிக்கிறது ஆனால் வலிக்கிறது என்கிற எங்கள் ஊர் அர்த்தத்தில், பாட்டாகவே பாடினேன். "அம்மா ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று மகள் முதுகில் அடித்தாள், ஆனால் சிரித்தாள். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் வாய்க்குள் அதுதான் ஓடும். என் வேலை அங்கேதான், தம்பானூரில், ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஏழு மணியிலிருந்து கை கையாய்ப் பிடித்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் ஊசியைப் பார்த்ததும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "வேதனிக்குமோ?" இல்லை இல்லை, எறும்பு கடிக்கிற மாதிரி என்று நான் மலையாளத்தில் சொல்வேன். இருபது வருஷமாக வெளியுலகத்தில் என் காதில் விழுகிற வலி எல்லாம் வேதனைதான். வலி என்கிற சொல் வீட்டுக்குள் மட்டும்தான் வலி.

மகளுக்கும் அப்படித்தான். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். சேர்ந்த புதிதில் நான் வகுப்பில் அவளை, "ஏட்டி, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டேன். பையன்கள் இரண்டு பேர் அந்த ஏட்டியைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். திரும்பும்போது அவள் என் தோளில் மோவாயை வைக்கவில்லை. "அங்க தமிழ் வேண்டாம்மா, ப்ளீஸ்" என்றாள். சரி என்றேன். சுருக்கென்று இருந்தது, ஆனாலும் சரி என்றேன். அன்றிலிருந்து அந்த ரப்பர் விரிப்பின்மேல் எனக்கும் அவளுக்கும் மலையாளம்தான். நான் இடையில் மறந்து முழிக்கும்போது கீழே கிடந்தபடியே அவள் எடுத்துக்கொடுப்பாள். "இரிக்கு அம்மா" என்பாள் மெல்ல, யாருக்கும் கேட்காமல். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சிலிருந்து விடை வருகிற மாதிரி. நானும் உட்கார்வேன். "வலிக்கு" என்பாள், இழுப்பேன், அவள் என் காலில் இரண்டு தட்டுத் தட்டுவாள், விட்டுவிடுவேன். தட்டினால் விட வேண்டும், அதுதான் அங்கே முதல் சட்டம்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. அந்தச் சனிக்கிழமையும் மதியம் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காய்ச்சல் வந்து வியாழக்கிழமை வகுப்பை விட்டிருந்தேன். ஒரு வகுப்பு விட்டால் எனக்கு ஒரு மாதம் விட்ட மாதிரி. போகும் வழியெல்லாம், "ஒண்ணும் ஓர்மை இல்லட்டி, இன்னைக்கு நாறப்போறேன்" என்று புலம்பிக்கொண்டே போனேன். "நான் இருக்கேன்லா, சொல்லித்தாறேன்" என்றாள்.

அன்றைக்கு எட்டு ஜோடி. மழைக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கோச் மூலையில் ஒரு புதுப்பையனுக்கு விழப் பழக்கிக்கொண்டிருந்தார், தொப் தொப்பென்று சத்தம். எங்களைப் பழைய பிடியையே நாங்களாகச் செய்யச் சொல்லியிருந்தார். மகள் மல்லாந்து படுத்து வலது கையைத் தந்தாள். பிடித்தேன். உட்கார்ந்தேன். காலைப் போட்டேன். சாய்ந்தேன். சாய்ந்த பிறகு ஏதோ ஒன்றை விட்டுவிட்டோமே என்று தோன்றியது. ஏதோ ஒரு சின்ன விஷயம், விரலைப் பற்றியது. கோச் அதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தார். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும் என்பதுதான் அது, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, என்ன என்ன என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் கை என் தொடைமேல் கோணலாகத் திருகிக் கிடந்தது. அவளுடைய இடது கை என் காலுக்கு அடியில் மாட்டியிருந்தது. இரண்டும் எனக்குத் தெரியாது.

"அம்மா, வலிக்கு" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. உண்மையைத்தானே எழுத வேண்டும், அந்த நொடியில் எனக்கு வந்தது நன்றி. விட்டுப்போனது ஒன்றும் இல்லைபோல, எல்லாம் சரிதான், பிள்ளை எடுத்துக்கொடுக்கிறாள் என்று நினைத்தேன். இழுத்தேன்.

"வலிக்கு! அம்மா! வலிக்கு!"

இன்னும் பலமாக இழுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து இரண்டு கையாலும் இழுத்தேன். அவள் குதிகாலால் தரையை அடித்தாள். ஹால் முழுக்கத் தொப் தொப்பென்று இருந்ததில் அதுவும் ஒரு தொப்பாகத்தான் எனக்குக் கேட்டது. பிறகு என் கைக்குள் ஒரு சத்தம். காதால் கேட்கவில்லை, உள்ளங்கையில்தான் தெரிந்தது. அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் சொல் எதுவும் இல்லை.

விட்டேன். எழுந்தேன். பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது. கோச் ஓடிவந்து அவள் கையைத் தன் மடியில் வைத்து ஐஸ் பையைக் கட்டினார். "தட்டியில்லே மோளே?" என்று கேட்டார், நீ தட்டவில்லையா என்று. அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை முன்னே பின்னே தெரியாத மாதிரி.

ஆட்டோவில் போகும்போதுதான் கேட்டாள். "மூணு தடவை சொன்னேனேம்மா. ஏன் இழுத்தே?"

"நீதானே இழுக்கச் சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்? வலிக்குன்னுல்லா சொன்னேன்."

அவள் அந்தச் சொல்லை வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னாள். வயிற்றுவலி என்று சின்ன வயதில் என் மடியில் சுருண்டு படுத்துச் சொன்ன அதே மாதிரி. அப்போதுதான் எனக்கு மண்டையில் இறங்கியது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் நான். அங்கே தமிழ் வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு வலி வந்ததும் தமிழ் வந்திருக்கிறது. அது வந்ததைப் பெற்றவள் காது மலையாளமாக எடுத்துக்கொண்டது. எத்தனை நூறு தடவை சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்! ஒட்டாத மண்டையில் ஒட்டிய ஒரே பாடம் அது. அந்தப் பாடத்தைக்கொண்டு என் பிள்ளையின் கையைத் திருகினேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. எழுதுகிற கை. ஜிப் வைத்த பையைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாள், "எந்தேலும் களஞ்ஞு போயோ?" என்று கேட்டாள், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். அவளும் என் காலடியில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள், பாவம்.

எலும்பு ஒடியவில்லை. முழங்கையின் உள்பக்கத்து ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் கையைக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிறகு பிசியோதெரபி என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் விழிஞ்ஞத்திலிருந்து நேராக வந்தார். நடந்ததைச் சொன்னேன். "ரெண்டுபேரும் இனி அங்க போகாண்டாம்" என்றார். என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மூன்று வாரமும் அவளுக்குத் தலை சீவியதும் சட்டை போட்டுவிட்டதும் நான்தான். அவள் முகம் சுளிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஆனால் சட்டையின் வலது கையை நான் ஏற்றும்போது அவள் தோள் ஒரு இம்மி பின்னால் போகும். அவளுக்கே தெரியாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

வேலையிலும் கை ஓடவில்லை. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, வேதனிக்குமா, பயமா, குத்தட்டுமா என்று ஒவ்வொருவரையும் மூன்று மூன்று தடவை கேட்க ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் பொறுமை இழந்து, "ஆத்யம் குத்து மோளே, எந்நிட்டு சோதிக்கு" என்றார், முதலில் குத்து, பிறகு கேள் என்று. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், குத்தினேன், நரம்பு கிடைக்கவில்லை. இருபது வருஷத்தில் அவ்வளவு சுலபமான நரம்பை நான் தவறவிட்டதே கிடையாது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இப்போது எனக்கு மறக்கவில்லை. துணி காயப்போடும்போது ஈரச் சட்டையின் கையை என் கை தானாக நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும். அந்த ஐந்து மாதமும் என்ன பாடுபட்டேன் இதை உடம்பில் ஏற்ற! ஏறிவிட்டது. இறங்கமாட்டேன் என்கிறது. அரிசி வாங்கினால்கூட, பை கண்ணில் படாதபடி, ஐந்து கிலோவாக வாங்கி உடனே டப்பாவில் கொட்டிவிடுகிறேன்.

தேர்வுகளை அவள் எழுதினாள். ஒவ்வொரு பரீட்சையிலும் நடுநடுவே கையை உதறிக்கொண்டே எழுதியதாகச் சொன்னாள். கடைசித் தேர்வு முடிந்த அன்றைக்கு இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, "நாளைக்குச் செவ்வாய்" என்றாள். நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"பிசியோ ஆளு சரின்னு சொல்லியாச்சு. கோச்சுக்கும் மெசேஜ் போட்டாச்சு" என்றாள்.

"வேற ஜோடி பாத்துக்கோ மக்களே. என்னை விட்டுரு."

"வேற யாரு இருக்கா அங்க? அம்மா வந்தா வாறேன். இல்லேன்னா நானும் போகல்ல."

அவள் அப்பா எழுந்து கைகழுவப் போனார். போகும்போது, "மெல்ல செய்யுங்க" என்றார். அவ்வளவுதான், என் பக்கத்தில் நிற்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

கோச் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவரும் பயந்துதான் போயிருக்கிறார். அந்தச் சொற்களையே எடுத்துவிட்டார், இப்போது வகுப்பில் வெறும் எண்தான்: ஒந்நு, ரண்டு, மூந்நு, நாலு. எனக்காகச் செய்தாராம். எனக்கோ அந்த எண் ஒன்றும் ஒட்டவில்லை, இரண்டுக்கு என்ன, மூன்றுக்கு என்ன என்று மறுபடி முதலிலிருந்து முழி. அது ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது.

"நீ முதல்ல செய்" என்று மகளிடம் சொல்லி நானே மல்லாந்து படுத்துவிட்டேன். அவளைப் படுக்கவைத்து அந்தக் கையைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. என் கையை நீட்டிக்கொடுத்தேன். அவள் பிடித்தாள், உட்கார்ந்தாள், சாய்ந்தாள். சுத்தமான வேலை, மூன்று மாதம் தொடாத பிடி என்று சொல்ல முடியாது. என் கட்டைவிரலைச் சரியாக மேலே திருப்பி வைத்தாள். இழுக்க ஆரம்பித்தாள்.

முழங்கை நீண்டது. வலி மெல்ல வந்தது. தட்ட வேண்டிய இடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அது வந்தது, போனது. நான் தட்டவில்லை. முன்கூட்டி யோசித்துவைத்து அல்ல, சத்தியமாக. இடது கை சும்மாதான் கிடந்தது, அதைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் என்று இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நிறுத்தினாள். கையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் தட்டல்ல?"

"வலிக்கல்ல."

"பொய் சொல்லாத." அவள் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. பக்கத்து ஜோடி திரும்பிப் பார்த்தது, அவள் கவனிக்கவில்லை. "உன் கையும் போனா நமக்குள்ள சரியாப்போகும்னு நினைச்சியா? பிறகு நானும் உன்னை மாதிரி குழாயைத் திறந்துவிட்டு அழணும், அதானே? சட்டை போட்டுவிடும்போதெல்லாம் கைநடுங்கணும், அதானே? எனக்கு வேண்டாம்மா அது."

குழாய் விஷயம் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு வலித்ததை மட்டுமே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரின் கையைத் திருகியவளாக இருப்பது என்னவென்று தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதைப்போய்ப் பிள்ளை தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"படு" என்றாள். "மறுபடி."

படுத்தேன். கையைக் கொடுத்தேன். அவள் பிடித்து, உட்கார்ந்து, சாய்ந்தாள். சாய்ந்து, இழுக்காமலே கொஞ்சம் நின்றாள். அவள் தொடையில் என் முழங்கை கிடந்தது. வலி எங்கேயும் இல்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது, மூச்சு மேலே மேலே போயிற்று. அவள் ஒரு விரல்கடை இழுத்திருப்பாள், இல்லை, அதுகூட இல்லை. நான் அவள் காலில் தட்டினேன், இரண்டு தட்டு.

தொட்ட மாத்திரத்தில் விட்டுவிட்டாள். பதறி எழுந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"வலிச்சா?"

"இல்லட்டி. பயந்துட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பையன்கள் முன்னால், அந்தத் தடித்த கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் பட்டையைச் சரிசெய்தாள், அவிழவே இல்லை அது, சும்மா பிடித்துப் பிடித்து இறுக்கினாள்.

"பயந்தாலும் தட்டலாம்மா" என்றாள். "வலிக்கணும்னு கட்டாயம் இல்ல."